ஆரணின்னு போட்டா ஓடுது, வேலூர்னு போட்டா நின்னுடுது: கான்ஃபிக்பார்சரில் தமிழ்

ஆரணிக்காரி
புதன், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா இதே நினைப்பா இருக்கேன், யாராவது ஒரு வழி சொல்லுங்க.

எங்க மாமா ஆரணியில அரிசி மண்டி வச்சிருக்கார். அவருக்கும் அவரோட கூட்டாளிங்க மூணு பேருக்கும் நெல் எடைமேடைக்குன்னு ஒரு சின்ன புரோகிராம் பைதான்ல எழுதிக் கொடுத்திருக்கேன். வண்டி மேடையில ஏறினதும் இண்டிகேட்டர்ல இருந்து சீரியல் கேபிள் வழியா எடை வரும். காலி வண்டி எடையைக் கழிச்சு, ஊர் பேர் போட்டு, சீட்டு அடிக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. நாலு இடத்துல ஓடணும்: ஆரணி, கலவை, ஆற்காடு, வேலூர். புரோகிராம் ஒண்ணுதான். இடத்துக்கு இடம் மாறுறதை எல்லாம் ஒரு ஐஎன்ஐ ஃபைல்ல, அதாவது நோட்பேட்ல திறந்து மாத்தக்கூடிய சாதாரண அமைப்பு ஃபைல்ல, வச்சிட்டேன். ஊர் பேர், சீரியல் கேபிள் எந்த காம் போர்ட்ல இருக்கு, அதோட வேகம் (பாட் ரேட்), சீட்டு எத்தனை காப்பி. மொத்தம் பத்து வரி இருக்கும். அதைப் படிக்கிறதுக்கு பைதான் கூடவே வர்ற கான்ஃபிக்பார்சர். மண்டியில நெட் கிடையாது, பிப் போட்டு எதையும் இறக்க முடியாது. அதனால கூடவே வர்றது எதுவோ அதுதான் எனக்கு வேணும்.

ஃபைல்ல சமக்குறிக்கு இந்தப் பக்கம் இருக்கிற கீ எல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான். அந்தப் பக்கம் ஊர் பேர் மட்டும் தமிழ்ல இருக்கு.

என் லேப்டாப் உபுண்டு. அதுல நாலு ஊர் பேரும் போட்டுப் பார்த்தேன், நாலும் அழகா வந்தது. ஞாயித்துக்கிழமை ஆரணியில போட்டேன். அங்கே இருக்கிறது விண்டோஸ் 7, பைதான் 3.8. புரோகிராம் ஓடுச்சு, எடை சரியா வந்தது. ஆனா சீட்டுல ஊர் பேர் இருக்க வேண்டிய இடத்துல பன்னிரண்டு குறி வந்து நின்னுச்சு. தலையில கோடு போட்ட இங்கிலீஷ் எழுத்து ஒண்ணு, வட்டத்துக்குள்ள ஆர் போட்ட குறி, அப்புறம் ஒரு சிலுவை, மறுபடி அதே எழுத்து, அதே வட்டம், அப்புறம் டிகிரி குறி, அடுத்து பவுண்டு, கடைசியா தலைகீழ் கேள்விக்குறி. எடை போடுற அண்ணன் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு "இன்னா பாப்பா, ஊரு பேரு இப்டி வந்துகீது"ன்னார். சேவூர்ல இருந்து மூட்டை கொண்டு வந்த பெரியவர் ஒருத்தர் அதை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, இந்தச் சீட்டை நம்பி எப்படி மூட்டையை இறக்குறதுன்னு கேட்டார். அவர் கேட்டது நியாயம். அது அவரோட ஒரு போகத்துக் கணக்கு.

மறுநாள் கலவை. அங்கேயும் இதே மாதிரி குப்பை, ஆனா ஓடுச்சு. செவ்வாய்க்கிழமை வேலூர் போனேன். அங்கே ஓடவே இல்ல! யூனிகோட் டிகோட் எரர், 'சார்மேப்' கோடெக்கால 8டி-ங்கிற பைட்டைப் படிக்க முடியலைன்னு சொல்லிட்டு, சீரியல் போர்ட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. திரும்புற வழியில ஆற்காட்டுல பார்த்தா அங்கேயும் அதேதான். சந்தேகத்துல ஆரணி ஃபைலை எடுத்து வேலூர் கம்ப்யூட்டர்ல போட்டேன். குப்பையோட ஓடுது. வேலூர் ஃபைலை ஆரணிக்குக் கொண்டு வந்து போட்டேன். நின்னுடுது. அப்போ குத்தம் கம்ப்யூட்டர் மேல இல்ல, ஊர் பேர்லதான் இருக்கு.

ஆரணிக்கும் கலவைக்கும் இல்லாத எது வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் இருக்கு?


இரவு ஷிஃப்ட்
புதன், இரவு 11.15

ஊர் பேரை இங்கிலீஷ்ல போட்டுட்டா முடிஞ்சு போச்சு. கான்ஃபிக் ஃபைல்ல தமிழ் எதுக்கு சிஸ்டர்? நாங்க ஆபீஸ்ல எல்லாத்தையும் இங்கிலீஷ்லதான் வச்சிருக்கோம், ஒரு தொல்லையும் இல்ல.


ஆரணிக்காரி
வியாழன், காலை 6.20

அண்ணா, வழி சொன்னதுக்கு நன்றி. ஆனா அதை நான் செய்ய மாட்டேன். சீட்டு வாங்குறவங்கள்ல பாதிப் பேர் தமிழ் மட்டும் படிக்கிறவங்க. ஊர் பேரும் எடையும் அவங்க கண்ணால படிச்சுத் தெரிஞ்சுக்கணும். அது மட்டும் இல்ல, இந்த ஃபைலைத் திறந்து மாத்தப் போறது நான் இல்ல, எடை போடுற அண்ணன்தான். காப்பி ரெண்டை மூணாக்கணும்னா ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்க முடியாது. அவர் படிக்கத்தான் அந்த ஃபைலே.


பாலாறு
வியாழன், காலை 9.05

தங்கச்சி, உங்க கேள்வியைப் படிச்சதும் ஒரு காகிதத்தை எடுத்து நாலு ஊர் பேரையும் பைட் பைட்டாகப் பிரிச்சு எழுதிப் பார்த்தேன். விடை கிடைச்சுடுச்சு. ஆரணிக்கும் கலவைக்கும் இல்லாதது, வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் இருக்கிறது: புள்ளி.

வேலூர்ல கடைசி எழுத்து ர், ஆற்காட்டுல ற். இந்த ரெண்டு மெய்யெழுத்து மேல இருக்கிற புள்ளிதான் உங்க புரோகிராமை நிறுத்துது. ஆரணி, கலவை ரெண்டுலயும் மெய்யெழுத்தே கிடையாது, சொல்லிப் பாருங்க.

எப்படின்னு சொல்றேன். எழுத்தை பைட்டாக மாத்தி வைக்கிற முறைக்கு என்கோடிங்னு பேர். உங்க லேப்டாப்ல அந்த ஃபைல் யுடிஎஃப்-8 என்ற என்கோடிங்ல சேமிக்கப்பட்டிருக்கு. அதுல தமிழ் எழுத்து ஒவ்வொண்ணுக்கும், கால், கொம்பு, புள்ளி ஒவ்வொண்ணுக்கும்கூட, மூணு மூணு பைட். பைட்டைப் பதினாறடி எண்ணுல எழுதினால், முதல் பைட் எப்பவுமே ஈ0 (E0). ரெண்டாவது, ஏஈ அல்லது ஏஎஃப். மூணாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். ஆரணி என்பது ஆ, ர, ண, இகரக் கொக்கி ஆக நாலு துண்டு, பன்னிரண்டு பைட். நீங்க எண்ணின பன்னிரண்டு குறி அதுதான்.

இப்போ விண்டோஸ் பக்கம் வாங்க. என்கோடிங் என்னன்னு நீங்க சொல்லாமல் விட்டால், கான்ஃபிக்பார்சர் அந்த கம்ப்யூட்டரோட இயல்பு என்கோடிங்கை எடுத்துக்கும். நம்ம ஊர் விண்டோஸ்ல அது பெரும்பாலும் சிபி1252, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குப் போட்ட பட்டியல். அதுல ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து. ஈ0 என்றால் தலையில் கோடு போட்ட அந்த எழுத்து. ஏஈ என்றால் வட்டத்துக்குள் ஆர். அதான் அந்த ரெண்டும் திரும்பத் திரும்ப வந்தது. அப்புறம் ஆ-வின் கடைசி பைட் 86, பட்டியல்ல அது சிலுவை. ர-வின் கடைசி பி0, டிகிரி. ண-வின் கடைசி ஏ3, பவுண்டு. கொக்கியின் கடைசி பிஎஃப், தலைகீழ் கேள்விக்குறி. நீங்க எழுதின வரிசை ஒண்ணுகூடத் தப்பாமல் அப்படியே பொருந்துது.

ஆனா சிபி1252 பட்டியல்ல அஞ்சு கட்டம் காலி. 81, 8டி, 8எஃப், 90, 9டி. இந்த அஞ்சு பைட்டுக்கும் எழுத்தே ஒதுக்கலை. தமிழ்ப் புள்ளியின் மூணு பைட் என்ன தெரியுமா? ஈ0, ஏஎஃப், 8டி. நேரா காலிக் கட்டத்துல போய் விழுது. பைதான் அங்கேயே கையை விரிச்சுடும். ஏ, ஐ என்ற ரெண்டு உயிரெழுத்தும் இப்படித்தான், ஒண்ணு 8எஃப், இன்னொண்ணு 90. கு, டு-வுல வர்ற உகரக் குறியும் அப்படித்தான், அது 81. மத்த எழுத்தெல்லாம் ஏதோ ஒரு குறியாக வேஷம் போட்டுக்கிட்டு உள்ளே நுழைஞ்சுடும்.

அதனால வாலாஜா, திமிரி, இந்த ரெண்டும் குப்பையாக ஓடும். காட்பாடி, குடியாத்தம், போளூர், வந்தவாசி, அரக்கோணம் எல்லாம் நிக்கும். போட்டுப் பாருங்க.

இன்னொரு செய்தி. சித்தூர்ப் பக்கத்துல இருந்து நெல் வண்டி வந்து, அவங்களுக்குத் தெலுங்குல சீட்டு அடிக்கலாம்னு நினைச்சாலும் இதே இடத்துல மாட்டுவீங்க. தெலுங்கு, கன்னடம், மலையாளம், தேவநாகரி, எல்லாத்துக்கும் மெய்யாக்குற குறியோட கடைசி பைட் 8டிதான். 1988-ல வந்த இஸ்கி என்ற இந்திய எழுத்துக் குறியீட்டு வரிசையை வச்சுத்தான், எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோட்ல இந்திய எழுத்துகளை அடுக்கினாங்க, அதனால எல்லா மொழியிலும் அந்தக் குறி ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கு. சித்தூர் 1911 வரைக்கும் வட ஆற்காடு ஜில்லாதானே, எழுத்து அடுக்குலயும் நாம பக்கத்து வீடுதான்.

செய்ய வேண்டியது ஒரே ஒரு சொல். ரீட் என்று கூப்பிடுற இடத்துல என்கோடிங் யுடிஎஃப்-8 என்று சேர்த்துடுங்க. 3.2-ல இருந்தே அந்த வசதி இருக்கு. பைதான் 3.15-ல இருந்து சொல்லாட்டாலும் யுடிஎஃப்-8 தான் என்று முடிவு பண்ணியிருக்காங்க. ஆனா உங்க விண்டோஸ் 7-க்குக் கடைசிப் பைதான் 3.8. அதனால உங்க கையால எழுதித்தான் ஆகணும்.


ஆரணிக்காரி
வியாழன், இரவு 9.50

அண்ணா! படிச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். மூணு நாளா கேபிள், டிரைவர், விண்டோஸ்னு எங்கெங்கோ தேடினேன். ஒரு புள்ளி! சாயங்காலமே ஆரணியில மாத்தினேன். ஊர் பேர் பளிச்சுன்னு வந்தது. எடை போடுற அண்ணன் அந்த முதல் சீட்டை எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில வச்சுட்டார். நீங்க சொன்ன மாதிரி பழைய புரோகிராம்ல வாலாஜாவும் காட்பாடியும் போட்டுப் பார்த்தேன். ஒண்ணு குப்பை, ஒண்ணு நின்னுடுச்சு.


ஆரணிக்காரி
சனி, காலை 8.30

மறுபடி தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோங்க.

நெல்லு ஈரம் எவ்வளவு வரைக்கும் வாங்கலாம்கிறதையும் ஃபைல்ல வைக்கச் சொன்னார் மாமா. அரசு கொள்முதல்ல 17 சதவீதம்தான் வரம்பு, மண்டியிலயும் அதை வச்சுத்தான் பேசுவாங்க. நான் வெறும் 17-ன்னு போட்டிருந்தேன். நேத்து ராத்திரி அண்ணன் ஃபைலை நோட்பேட்ல திறந்து 17-க்குப் பக்கத்துல சதவீதக் குறியைப் போட்டு சேமிச்சிருக்கார். "குறி இல்லாம 17-ன்னா கிலோவா மூட்டையா, எவனுக்குத் தெரியும்"னு கேட்கிறார். அவர் சொல்றது சரிதான்.

காலையில புரோகிராம் திறக்கலை. ஃபைல்ல செக்‌ஷன் தலைப்பே இல்லைங்குது, முதல் வரியையே காட்டுது. முதல் வரியில தலைப்பு சதுர அடைப்புக்குள்ள கண்ணு முன்னாடி நிக்குது! என் லேப்டாப்ல அதே வரிகளை வேற ஃபைல்ல ஒட்டி அனுப்பினேன். இப்போ திறக்குது. ஆனா முதல் வண்டி ஏறி, ஈரத்தைக் கேட்கிற இடம் வந்ததும் நிக்குது. இன்டர்போலேஷன் சின்டாக்ஸ் எரர்னு ஏதோ சொல்லுது.

வெளியில ஆறு வண்டி நிக்குது. இப்போதைக்கு குறியை எடுத்துட்டு ஓட்டுறோம். ஆனா அவர் எழுதினபடியே ஓடணும் அண்ணா.


பாலாறு
சனி, காலை 9.10

முதல் கோளாறுக்கு நான்தான் பொறுப்பு தங்கச்சி, விண்டோஸ் 7 என்று நீங்க சொன்னப்பவே எச்சரிச்சிருக்கணும். பழைய நோட்பேட் யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது ஃபைலோட தலையில கண்ணுக்குத் தெரியாத மூணு பைட்டை வச்சுடும். ஈஎஃப், பிபி, பிஎஃப். பாம் (BOM) என்று சொல்வாங்க. விண்டோஸ் 10-ல 1903 பதிப்புல இருந்துதான் அந்தப் பழக்கத்தை விட்டுச்சு. கான்ஃபிக்பார்சருக்கு முதல் வரி சதுர அடைப்போட தொடங்கணும். அதுக்கு முன்னாடி இந்தக் குறி உட்கார்ந்திருந்தால் அது தலைப்பாகவே தெரியாது. யுடிஎஃப்-8 என்று போட்ட இடத்துல யுடிஎஃப்-8-சிக் என்று போடுங்க. அந்த மூணு பைட் இருந்தால் தின்னுட்டுப் படிக்கும், இல்லாவிட்டால் சும்மா படிக்கும். அண்ணன் எந்த கம்ப்யூட்டர்ல சேமிச்சாலும் ஓடும்.

ரெண்டாவது, கான்ஃபிக்பார்சர்ல சதவீதக் குறிக்கு ஒரு தனி அர்த்தம் வச்சிருக்காங்க. ஒரு வரியோட மதிப்பை இன்னொரு வரிக்குள்ள இழுத்துப் போடுறதுக்கு. குறிக்குப் பின்னாடி இன்னொரு சதவீதக் குறியோ, அடைப்புக்குறியோ வரணும்னு எதிர்பார்க்கும். உங்க வரியில 17-க்கு அப்புறம் குறி வந்து முடிஞ்சுடுச்சு. இது ஃபைலைப் படிக்கும்போது தெரியாது, அந்த மதிப்பைக் கேட்கிற நேரத்துலதான் வெடிக்கும். அதான் வண்டி ஏறின பிறகு நின்னது. குறியை ரெண்டு தடவை போடச் சொல்லி அண்ணனுக்குச் சொல்லித் தராதீங்க, அது அவர் வேலை இல்ல. பார்சரை உருவாக்குற இடத்துல இன்டர்போலேஷன் நன் என்று கொடுத்துடுங்க. அந்த வசதியே அணைஞ்சுடும்.

அதுக்கு அப்புறமும் வர்றது 17% என்ற எழுத்துச் சரம்தான். கெட்இன்ட் அதை எண்ணாக ஏத்துக்காது. கான்ஃபிக்பார்சர்ல எல்லா மதிப்பும் எழுத்துதான், எண்ணாக்குறது நம்ம பொறுப்பு. 3.5-ல இருந்து கன்வெர்ட்டர்ஸ் என்று ஒண்ணு இருக்கு. சதவீதக் குறியைக் கழிச்சுட்டு எண்ணாக மாத்துற சின்ன ஃபங்ஷன் எழுதி, அதுக்கு ஒரு பேர் வச்சுக் கொடுத்தால், கெட்இன்ட் மாதிரியே அந்தப் பேர்ல ஒரு கெட் கிடைக்கும். குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிக்கிற மாதிரி எழுதிடுங்க.


கோட்டை அகழி
சனி, மதியம் 1.30

டாமல் பக்கம் போயிடுங்க மேடம், அதுவும் ஐஎன்ஐ மாதிரி ஒரு அமைப்பு ஃபைல் வகைதான். பைதான் 3.11-ல இருந்து அதைப் படிக்கிற டாம்லிப் கூடவே வருது. டாமல் ஃபைல் யுடிஎஃப்-8ல தான் இருக்கணும்னு அதோட விதியிலேயே எழுதியிருக்கு, பைட்டாகத்தான் திறக்கணும், என்கோடிங் குழப்பத்துக்கே இடம் இல்ல. எண் எண்ணாகவே வரும். ஐஎன்ஐக்கு ஒழுங்கான விதிப்புத்தகமே கிடையாது, ஆளாளுக்கு ஒரு மாதிரி படிக்கிறாங்க.


ஆரணிக்காரி
சனி, இரவு 10.15

சார், டாமலை நான் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல் தடை 3.8, அதுல டாம்லிப் இல்ல. கம்ப்யூட்டரை மாத்துறதா இருந்தா நாலு மண்டியிலயும் மாத்தணும். ரெண்டாவது, ஊர் பேரை மேற்கோள் குறிக்குள்ள போட்டே ஆகணும். அண்ணன் ஒரு பக்கக் குறியை அழிச்சுட்டார்னா மொத்த ஃபைலும் போச்சு. கீயைத் தமிழ்ல வைக்கணும்னாலும் அதுக்கும் மேற்கோள் குறி வேணும். ஐஎன்ஐல பேர், சமக்குறி, மதிப்பு, அவ்வளவுதான். மளிகைக் கடைச் சிட்டை மாதிரி இருக்கு. ஸ்கூல் முடிச்சு முப்பது வருஷம் ஆனவரும் பயப்படாம திறக்கிறார். அவர் பக்கம் எளிமையா இருக்கட்டும், என் பக்கம் நாலு வரி கூடினா பரவாயில்ல.

பாலாறு அண்ணா சொன்ன மூணையும் செஞ்சுட்டேன். அண்ணனை நோட்பேட்ல 17% போட்டு அவர் கையாலேயே சேமிக்கச் சொன்னேன். மூடித் திறந்தோம், ஓடுச்சு. குறி இல்லாமலும் ஓடுச்சு. இப்போ கீயையும் தமிழ்ல மாத்தலாம்னு இருக்கேன். ஊர், போர்ட், காப்பி, ஈரம். ஏதாவது இடிக்குமா அண்ணா?


பாலாறு
ஞாயிறு, காலை 7.45

தாராளமாக மாத்துங்க. கான்ஃபிக்பார்சர் கீயை எல்லாம் சின்ன எழுத்தாக்கும், தமிழ்ல பெரிசு சின்னது இல்லாததால அது நம்மைத் தொடாது. ஆனா போர்ட் என்கிற சொல்லைக் கொஞ்சம் பாருங்க. போ-வுல இருக்கிற ஓகாரக் குறியை யூனிகோட்ல ரெண்டு விதமாக எழுதலாம். ஒரே துண்டாக ஒண்ணு, இரட்டைச் சுழிக் கொம்பும் காலுமாக ரெண்டு துண்டு. திரையில ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா பைதானுக்கு அது வேற, இது வேற. பழைய ஃபான்ட்ல இருந்து மாத்தி ஒட்டினால் சில நேரம் ரெண்டு துண்டாக வரும். அப்போ கண்ணு முன்னாடி போர்ட் இருக்கும், அப்படி ஒரு கீயே இல்லைன்னு சொல்லும். ஆப்ஷன்எக்ஸ்ஃபார்ம் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஒவ்வொரு கீயும் அது வழியாத்தான் போகும். அங்கே யூனிகோட்டேட்டா நார்மலைஸ், என்எஃப்சி போட்டுடுங்க, ரெண்டு துண்டும் ஒரே துண்டாகிடும். செக்‌ஷன் தலைப்பு அந்த வழியாகப் போகாது, அதை மட்டும் இங்கிலீஷ்லயே விட்டுடுங்க.

இன்னொண்ணு, ரீட் என்பது ஃபைலே இல்லாவிட்டாலும் வாயைத் திறக்காது. எந்த ஃபைலைப் படிச்சேன்னு ஒரு பட்டியல் மட்டும் திருப்பிக் கொடுக்கும். அது காலியாக இருந்தால் "அமைப்பு ஃபைல் கிடைக்கலை"ன்னு பெரிய எழுத்துல தமிழ்ல காட்டுங்க. நோட்பேட்ல சேவ் ஆஸ் போட்டால் பேருக்குப் பின்னாடி டிஎக்ஸ்டி ஒட்டிக்கும், விண்டோஸ் அதை மறைச்சும் வச்சுடும்.


ஆரணிக்காரி
திங்கள், இரவு 8.05

ரெண்டையும் சேர்த்துட்டேன் அண்ணா. நேத்து வேலூர்லயும் இன்னைக்கு ஆற்காட்டுலயும் போட்டாச்சு. வேலூர்ல முதல் சீட்டு அடிச்சதும் ர்-ல புள்ளி இருக்கான்னுதான் முதல்ல பார்த்தேன். இருந்தது. கலவைக்கு வியாழக்கிழமை போறேன், அன்னைக்கு அங்கே வண்டி குறைச்சல்னு சொன்னாங்க.